உன் மாமனார் வீட்டுப் படகு

சேவியர்,

புதுச்சேரியில் பெண் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் என்மேல் எரிந்து விழுந்தாய். "அவங்க இன்னாம்மா குறை வெச்சாங்க உனக்கு? உம்முனு உக்காந்துக்கினு இருந்தியே, எனக்குத் தலை நிமிர முடியல" என்றாய். தலைவலி என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். திண்டிவனம் வந்து சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். எனக்குத் தலைவலி இல்லை, மகனே. என்ன இருந்தது என்பதை எழுதத்தான் இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்கு எதிர்ச்சுவரில், கண்ணாடி போட்ட ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. பாய் புடைத்து ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டு ஓடும் பந்தயப் படகு. நீகூட எழுந்து போய் அதைப் பார்த்தாய். உன் மாமனார் ஆகப்போகிறவர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "ஸ்காட்லாந்துல கட்டினது தம்பி. குப்பையில கெடந்தது, நான்தான் எடுத்து உயிர் குடுத்தேன்" என்றார். பிறகு படகின் பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் படிக்கச் சொன்னார். தெரேஸ். அவருடைய மகளின் பெயர், உனக்கு வரப்போகிறவளின் பெயர். அந்தப் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய பாயில் மேலிருந்து மூன்றாவது துண்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். புகைப்படத்திலேயே தெரிகிறது. அதைத் தைத்தவள் நான். அந்தப் படகு உன் அப்பாவினுடையது.

உனக்கு அடையாளம் தெரியாததில் தப்பில்லை. நீ திருச்சி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோதெல்லாம் அது பட்டறைக் கொட்டகையில் சட்டமும் பலகையுமாகக் கிடந்தது. பாய் கட்டி நீ பார்த்ததில்லை. அப்புறம் ஒரு லீவுக்கு வந்து, படகு எங்கே என்று கேட்டாய். விற்றுவிட்டோம் என்று சொன்னோம். அதைச் சொன்னவள் நான்தான். உன் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். உன் மாமனாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாதது வியப்புமில்லை. அந்தக் காலத்திலும் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியவர் அல்ல.

விழுப்புரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் உன் அப்பா லாரிக்கு மரத்தில் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். நான் திண்டிவனத்தில் சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் பள்ளியில் டீச்சர். வாரம் முழுக்க இங்கே, சனி ஞாயிறு அங்கே. ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், கருவேல மரங்களுக்கு நடுவில், அந்தப் படகு பல வருடங்களாகக் கிடந்தது. அது ஒரு வெள்ளைக்கார ரயில்வே அதிகாரியின் படகு. கடலூரில் வைத்து ஓட்டியவர், பழுது பார்க்கலாம் என்று சரக்கு வண்டியில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். சுதந்திரம் வந்தது, துரை கப்பலேறிவிட்டார், படகு மட்டும் நின்றுவிட்டது. அதற்குள் ஆடுகள் குட்டி போட்டன. அடியில் கட்டியிருந்த பெரிய ஈயக்கட்டியை எவனோ இரவோடிரவாக அறுத்து எடுத்துப் போய்விட்டான். கடைசியில் ரயில்வேக்காரர்கள் ஏலம் விட்டபோது உன் அப்பா எடுத்தார். ஏதோ கனவு கண்டு எடுத்தார் என்று நினைத்துவிடாதே. லாரிக்குப் பலகையாகும் என்றுதான் எடுத்தார். நல்ல தேக்கு.

அந்தச் சனிக்கிழமை நான் ரயிலை விட்டு இறங்கிப் பட்டறைக்குப் போனபோது, கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு படகுக்குள் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு பலகை மட்டும் பிரித்து வெளியே கிடந்தது. காலையில் கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் இருந்தது.

"இன்னாங்க, பிரிக்கலியா? லாரிக்காரரு நாளைக்கு வந்து நிப்பாரே" என்றேன்.

"எப்டி டீச்சர் பிரிக்கறது?" உன் அப்பா என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், பாதி கேலி, பாதி பெருமை. "பலகையும் பலகையும் சேர்ற எடத்துல நகத்த வெச்சிப் பாரு, போவாது. ஆணி அத்தனையும் செம்பு, ஒண்ணுகூட துரு ஏறல. இத்தப் போயி ஒடைச்சன்னா எங்கையி அழுவிப்பூடும்."

"அப்ப லாரிக்கு?"

"லாரிக்கு வேற மரம் பாத்துக்கலாம். இத்த நான் கட்டப்போறேன்."

நான் அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாண வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மனம் வராமல் போனதால் நான் அனுபவித்தவை கொஞ்சமல்ல. உனக்கு ஒன்று சொல்கிறேன். நீ நேசிக்கிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்காதே. அந்தச் சந்தோஷத்தை யார் பறிக்க வருவார்கள் என்று யாராவது ஒருவராவது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

துரையிடம் சமையல்காரராக இருந்த ஆரோக்கியம் அப்போது விழுப்புரத்திலேயே இருந்தார். படகின் கதையெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முதல் உலகப் போருக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் கட்டியதாம். மெட்ராஸில் இருந்த ஒரு வெள்ளைக்கார வியாபாரி கப்பலில் வரவழைத்துப் பந்தயங்களில் ஓட்டினாராம். அவர் போருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அப்புறம் கை மாறிக் கை மாறி ரயில்வே துரையிடம் வந்தது. ஓட்டும்போது பாரம் போதவில்லை என்றால் ஆரோக்கியத்தைத்தான் கூட்டிப்போய் ஓரத்தில் உட்கார வைப்பாராம். "பொண்டாட்டியகூட தொர அப்டி தொடச்சி வெக்கலிங்க" என்று சொல்லிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்பக்கத்துப் பெயின்டை உன் அப்பா மெல்லச் சுரண்டியபோது அடியிலிருந்து பழைய பெயர் வந்தது. பெட்ரல். புயலிலும் கடல்மேல் பறக்கும் ஒரு குருவி என்று பள்ளிக்கூட அகராதியில் பார்த்துச் சொன்னேன். "அந்தப் பேரே இருக்கட்டும். அதுக்குன்னு வெச்ச பேர மாத்தக்கூடாது" என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. ஒடிந்த வளைச்சட்டங்களுக்குப் பதிலாகப் புதிது வளைக்க வேண்டியிருந்தது. நெல் அவிக்கும் மில்லில் போய்க் கெஞ்சி, அவர்களுடைய நீராவியில் கட்டைகளை வேகவைத்து, சூட்டோடு தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வளைப்பார். இரண்டு ஒடிந்தால் ஒன்று நிற்கும். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். நல்லவேளையாகப் பாய்மரம் மட்டும் கூட்ஸ் ஷெட் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்து தப்பியது. லாரிக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். "இன்னா மேஸ்திரி, ஒரே பேஜாரா கீது, எங்க வண்டி எப்பத்தான் ரோட்டுக்கு வரும்?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள். பாய்க்குப் புதுச்சேரி மில் துணி வாங்கி வந்தோம். சிஸ்டரிடம் அனுமதி கேட்டு, பள்ளிக்கூடம் விட்டபிறகு ஹாலில் தரை முழுக்க விரித்து, தையல் கிளாஸ் மிஷினில் நானே தைத்தேன். மூன்றாவது துண்டு தைத்த அன்று எனக்குக் காய்ச்சல். கோணலாகிவிட்டது, பிரித்துத் தைக்கிறேன் என்றதற்கு, "இருக்கட்டும் டீச்சர், காத்துக்கு இன்னா கண்ணா கீது?" என்றார்.

ஈயத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். களவு போன கட்டிக்குப் பதிலாக இன்னொன்று வார்க்காவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். அவ்வளவு ஈயத்துக்கு எங்கே போவது? லாரிகளின் செத்துப்போன பாட்டரிகளை உடைத்து எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். திண்டிவனத்து ட்ரங்க் ரோடு கராஜ்களில் குவிந்து கிடந்த பாட்டரிகளையெல்லாம் கேட்டு வாங்கி நான்தான் லாரிகளில் போட்டு அனுப்பினேன். அவற்றை உடைத்து, கொட்டகைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி, மாதக் கணக்கில் சேர்த்தார். பெண்ணையாற்று மணலில் அச்சு எடுத்து ஒருநாள் மொத்தமாக வார்த்தார். பக்கத்துப் பட்டறை ஆட்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அன்றைக்கு அவர் சிரித்ததுபோலச் சிரித்து நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்தப் புகை அவர் உடம்புக்குள் போய்விட்டது. முதலில் வயிற்று வலி. பிறகு இரண்டு மணிக்கட்டும் தொங்க ஆரம்பித்தன. காபி டம்ளரைத் தூக்கினால் கை தானாகக் கவிழும். திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். உன் அப்பாவின் ஈறுகளைப் பார்த்துவிட்டு, "ஈயம் கீயம் உருக்கினீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, கொஞ்சம்" என்றார் இவர், கூச்சத்தோடு, தப்பு செய்த பிள்ளை மாதிரி. உளி பிடித்துப் பிழைத்த கை, மகனே. பாட்டரிகளை அனுப்பியது என் கை.

படகு முடிந்தது. லாரியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோய்த் துறையில் இறக்கினோம். மீனவர்கள் இரண்டு பேரைத் துணைக்கு வைத்து ஓட்டிப் பார்த்தார். ஓடியது. நான் கரையில் நின்று அழுதேன், அதை மறைக்கமாட்டேன். அங்கேதான் உன் மாமனார் வந்தார். ஆற்றோரம் படகுக் கொட்டகை கட்டி வைத்திருந்த பெரிய மனிதர். அவரைப்போன்ற சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை பந்தயம் வைப்பார்கள். படகைச் சுற்றிச் சுற்றி வந்தார், தடவிப் பார்த்தார். அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

"பந்தயத்துல உடணுங்க. இதை நீங்களே ஓட்டுவீங்களா?"

உன் அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எனக்குக் கைல வலு இல்லிங்க. ஓடறதுக்குன்னு பொறந்தது, ஒரு தபா ஓடணும்னு ஆசை."

"நான் ஓட்டறேன். படகு உங்களுது, பேரும் உங்களுது. நான் சுக்கானை மட்டும் புடிச்சிக்கறேன், சரியா?"

ஜெயித்தது. மற்ற படகுகள் பாதி தூரத்தில் இருக்கும்போதே பெட்ரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. பந்தல் போட்டு, மேஜை விரித்து, வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். எங்களுக்குப் பந்தலின் பின்பக்கம், கயிறுகளும் துடுப்புகளும் கிடந்த இடத்தில், இலையில் பிரியாணி வைத்தார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு உன் மாமனார் ஆங்கிலத்தில் பேசினார். நடுவில் உன் அப்பாவைக் கை காட்டி அழைத்தார். இவர் சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடினார். இவர் தோளைத் தட்டியபடி அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேன்: இவன் என்னுடைய தச்சன், விழுப்புரத்துக்காரன், கெட்டிக்காரப் பயல், நான் சொன்னதை அப்படியே செய்தான். எல்லோரும் கை தட்டினார்கள். உன் அப்பா கும்பிட்டார்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப் பத்தி இன்னா டீச்சர் சொன்னாரு?" என்று கேட்டார்.

"நல்லபடியாத்தான் சொன்னாரு" என்றேன்.

அதன்பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் உன்னை அடித்து அடித்து ஆங்கிலம் படிக்க வைத்தேனே, ஏன் என்று பலமுறை கேட்டாயே, அது இதற்காகத்தான். நம்மைப் பற்றி நம் எதிரிலேயே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் நீயும் கும்பிட்டுக்கொண்டு நிற்கக்கூடாது.

உப்புத்தண்ணீர் பட்ட படகை மறுபடியும் விழுப்புரத்து வெயிலில் போட்டால் வெடித்துவிடும், என் கொட்டகையிலேயே இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்றார் உன் மாமனார். இவர் நம்பினார். கொஞ்ச நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் காவல்காரன் தடுத்துவிட்டான். "யாரையும் உள்ள உட வேணாம்னு ஐயா சொல்லிக்கிறாருங்க." வேலி ஓரமாக நின்று எட்டிப் பார்த்தபோது பின்பக்கத்தில் புதுப் பெயின்டில் புதுப் பெயர் இருந்ததாம். வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னார். "பேர மாத்திட்டாங்க டீச்சர்."

நான் இவரை இழுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். நீ உள்ளே உட்கார்ந்து கேக் சாப்பிட்ட அதே வீடுதான். எங்களைக் கேட்டைத் தாண்ட விடவில்லை. அவர் படியில் நின்றபடியே, "அதான் உங்க பட்டறைக்கு ரெண்டு லாரி ஆர்டர் அனுப்பி வெச்சேனே, இன்னும் என்ன வேணும்?" என்றார். "படகு எங்களுதுங்க" என்றேன். என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்து, "உங்க வூட்டம்மா ரொம்பப் பேசறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோயிலில் நம் ஆட்களை எந்தப் பக்கம் உட்கார வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அங்கே பழகிய வழக்கத்தைத்தான் தன் வீட்டுப் படியிலும் காட்டினார். ஏலம் எடுத்ததற்குக் கூட்ஸ் ஷெட் ஆட்கள் அத்தனை பேரும் சாட்சி இருந்தார்கள். கோர்ட்டுக்கு அழைத்தால் வந்திருப்பார்கள். உன் அப்பா மாட்டேன் என்றார். "வா டீச்சர், போலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் போட்ட சண்டை. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். நல்ல மனுஷனோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேள்.

கை போனபின் பட்டறை நிற்கவில்லை. திண்டிவனத்துக்கே வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் போக, அவர் சோறு வடித்து வைப்பார், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி பானையைத் தூக்கிக் கொடுத்தால்தான். அப்படியே சில வருடங்கள் ஓடின. அப்போதுதான் ஒரு புயல் அடித்தது. புயல் ஓய்ந்த வாரத்தில் உன் மாமனாரின் கார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "கொட்டகை சரிஞ்சி படகு ஒடைஞ்சிப் போச்சுங்க. யாராலயும் ஆவல. ஐயா மேஸ்திரிய ஜல்தி இட்டாரச் சொன்னாரு" என்றான்.

நான் வாசல்படியை மறித்து நின்றேன். "போனா இந்த வூட்டுக்குத் திரும்பி வராதீங்க" என்றேன். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் போட வரவில்லை. வழக்கமாக நான்தான் போட்டுவிடுவேன். அன்றைக்குப் போட்டுவிடவில்லை. திறந்த சட்டையோடு என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

மழைக்காலம் முடியும் மட்டும் அங்கேயே இருந்தார். கையால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சட்டத்தை எப்படி வளைப்பது, எந்தப் பலகையை எடுப்பது என்று ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி அதை மறுபடி எழுப்பினார். திரும்பி வந்தபோது நான் கதவைத் திறந்தேன், பேசவில்லை. அந்தத் தவக்காலம் முழுக்கப் பேசவில்லை. ஈஸ்டர் அன்றைக்குத்தான் கேட்டேன். "உங்களுக்கு ரோஷமே கெடையாதா?"

"இருக்குது டீச்சர். அந்தாளு மேல இருக்குது. அதும்மேல இன்னாத்துக்குக் காட்டணும்? பேர மாத்திட்டா அது வேற படகு ஆயிடுமா?"

மறுவருஷம் செத்துப்போனார். அடக்கத்துக்கு நீ வந்தாய். அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்காய் வரவில்லை. அவர் சொன்ன பதிலைப் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படகுக்கு என்ன வேண்டும் என்று அவ்வளவு யோசித்த மனுஷன், தன் பெண்டாட்டிக்கு ரோஷம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நான் அதை எங்கும் வைக்கவில்லை. என்னிடமேதான் இருக்கிறது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நீ ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டவள், கட்டிக்கொள். நான் வருவேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவேன், கோயிலில் முன்வரிசையில் உட்காருவேன், எவன் வந்து சொன்னாலும் எழுந்திருக்கமாட்டேன்.

ஆனால் கோயிலில் உங்கள் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் நீ ஒரு காரியம் செய். தனியாக அந்த வீட்டுக்குப் போ. தெரேஸ் பக்கத்தில் இருக்கும்போது, கோபப்படாமல், அவளுடைய அப்பாவிடம் உன் அப்பாவின் பெயரைச் சொல். தொழில் என்ன, ஊர் எது என்று சொல். சொல்லிவிட்டு, இந்தப் படகுக்கு உயிர் கொடுத்தது யார் என்று கேள். வேறெதுவும் கேட்காதே. படகைக் கேட்காதே, மன்னிப்பையும் கேட்காதே. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள், அதைவிட முக்கியமாக, அவர் சொல்வதைக் கேட்டு அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பார். அப்புறம் நீ செய்ய வேண்டியதை நீயே முடிவு செய்.

நடந்ததை எனக்கு எழுதவேண்டாம். கோயில் வாசலில் நீ என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாய் அல்லவா, அப்போது உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் அம்மா